பாலும் பிள்ளை வயிறும்

இரண்டாம் பி.எஸ்ஸி., வேதியியல்

சேலம், நாமக்கல் சமவெளியில் பால் என்பது உணவு மட்டுமன்று. பல குடும்பங்களுக்கு அது வருமானமும் ஆகும். விடியுமுன்னே பால் சொசைட்டி வாசலில் கேன்களோடும் தூக்குப் போசிகளோடும் மக்கள் வரிசையாக நிற்பதை நம்மில் பலரும் கண்டிருப்போம். சிலர் அவ்வரிசையில் நின்றுவிட்டுத்தான் கல்லூரிக்கே வருகிறோம். எங்கள் வீட்டிலும் இரண்டு கறவை மாடுகள் உண்டு. பிள்ளை மெலிந்திருந்தால் இன்னொரு டம்ளர் பால் கொடு என்பதே எங்கள் வீட்டு வைத்தியம்.

அப்படிப்பட்ட வீட்டில், சென்ற மார்கழி மாதத்தில் என் அக்காள் மகன், ஒன்றேகால் வயதுப் பிள்ளை, வீட்டுப் பாலைக் குடித்தே மெலியத் தொடங்கினான். அப்போது நாங்கள் செய்தவற்றுள் சரியானவை சில, தவறானவை பல. தவறானவற்றுள் பெரிய தவறு ஒன்றைச் செய்தவன் நான். அதனைச் சொல்லி, பிறர் அதே தவற்றைச் செய்யாதிருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நடந்தது என்ன?

பிள்ளைக்கு முதலில் வாந்தியும் பேதியும் கண்டன. நான்கைந்து நாட்களில் வாந்தி நின்றது, பேதியும் குறைந்தது. பிள்ளை இளைத்துவிட்டானே என்று அம்மா வழக்கத்தை விடக் கூடுதலாக மாட்டுப்பால் காய்ச்சிக் கொடுத்தார். மறுநாளே பேதி திரும்பிற்று. இம்முறை அது நீராகவும் நுரையாகவும் புளித்த வாடையோடும் போயிற்று. வயிறு உப்பி, கையை வைத்தால் கடகடவென்று ஓசை கேட்டது. பிட்டம் சிவந்து புண்ணானது. பால் குடித்த அரைமணி, ஒருமணி நேரத்தில் பிள்ளை காலை மடக்கிக்கொண்டு அழுவான்.

பல் முளைக்கிறது என்றார் ஒருவர். உரம் விழுந்திருக்கிறது, எடுத்தால் சரியாகும் என்றார் இன்னொருவர். ஆயா, கழுதைப்பால் விற்பவர் தெருவில் வந்தால் ஒரு சங்கு வாங்கிப் புகட்டச் சொன்னார். மருந்துக்கடையில் ஏதோ ஒரு மருந்து கொடுத்தார்கள். மூன்று வாரம் ஜவ்வரிசிக் கஞ்சியே பிள்ளையின் முக்கிய உணவாயிற்று. அங்கன்வாடியில் எடை போட்டபோது ஏறத்தாழ ஒரு கிலோ குறைந்திருந்தது.

நான் முதலாண்டில் சர்க்கரைகளைப் பற்றிப் படித்திருந்தேன். பாலில் இருப்பது லாக்டோஸ் என்பதும், அது செரியாமற்போனால் பேதியாகும் என்பதும் எனக்குத் தெரியும். "பால்தான் காரணம். எந்தப் பாலும் கொடுக்காதீர்கள்" என்றேன். "தாய்ப்பாலுமா தம்பி?" என்று அக்கா கேட்டாள். தாய்ப்பாலில் லாக்டோஸ் இன்னும் அதிகம் என்று புத்தகத்தில் கண்டிருந்தபடியால், "அதுவுந்தான்" என்று சொல்லிவிட்டேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறியவன் நான் ஒருவனே. "படிக்கிற பிள்ளை சொல்லுது" என்று என் சொல்லை யாரும் மறுக்கவில்லை. இரண்டு நாள் அக்கா தாய்ப்பாலை நிறுத்தினாள். பிள்ளை நாக்கு வறண்டு, கண் குழிந்து சோர்ந்த பிறகுதான் குழந்தை மருத்துவரிடம் ஓடினோம். அவர் முதலில் கேட்டது, "தாய்ப்பாலை நிறுத்தச் சொன்னது யார்?" என்பதுதான்.

அவர் விளக்கிச் சொன்னதையும், பின்னர் நானாகத் தேடிப் படித்ததையும் இனி முறையாகக் காண்போம்.

பாலில் உள்ள சர்க்கரை

சொசைட்டியில் பாலை அளக்கும் கருவிக்கு லாக்டோமீட்டர் என்று பெயர். அது லாக்டோஸை அளப்பதன்று. பாலின் அடர்த்தியைக் காட்டுவது. ஆயினும் கொழுப்பு எவ்வளவு, கொழுப்பல்லாத திடப்பொருள் எவ்வளவு என்று கணக்கிட்டுத்தான் நமக்குப் பணம் தருகின்றனர். அந்தக் கொழுப்பல்லாத திடப்பொருளில் பாதிக்கு மேல் இருப்பது லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரையே.

100 மில்லி பசும்பாலில் 4.5 முதல் 5 கிராம் வரை லாக்டோஸ் உண்டு. எருமைப்பாலிலும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆட்டுப்பாலில் 4 கிராமுக்குச் சற்று மேல். தாய்ப்பாலில் சுமார் 7 கிராம். கழுதைப்பாலில் 6 கிராமுக்கு மேல். ஆகவே பசும்பால் சேராத பிள்ளைக்கு ஆட்டுப்பாலையோ கழுதைப்பாலையோ மாற்றிக் கொடுப்பதால் லாக்டோஸ் தொல்லை தீராது என்பது வெளிப்படை. பாலை நெடுநேரம் காய்ச்சினாலும் லாக்டோஸ் அழிவதில்லை. தண்ணீர் கலந்தால் சர்க்கரை குறையும். உடன் சத்தும் குறையும்.

லாக்டோஸ் ஓர் இரட்டைச் சர்க்கரை. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறும் ஒரு கேலக்டோஸ் மூலக்கூறும் கைகோத்தது போல் இணைந்திருப்பது அது. இந்த இணைப்போடு அது குடற்சுவருக்குள் நுழைய இயலாது, பிரித்தால்தான் நுழையும். பிரிக்கும் வேலையைச் செய்வது லாக்டேஸ் என்னும் நொதி. இந்நொதி சிறுகுடலின் உட்சுவரில் விரல்களைப் போல் நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகளின் மேற்பரப்பில் இருக்கிறது. இவ்விடம் முக்கியமானது, ஏனெனில் எங்கள் வீட்டுப் பிள்ளையின் கதை முழுவதும் இந்த இடத்தில்தான் நடந்தது.

செரியாத சர்க்கரை என்ன செய்கிறது?

ஒரு பிள்ளை நாளைக்கு மூன்று முறை, முறைக்கு 150 மில்லி பசும்பால் குடிப்பதாகக் கொள்வோம். 450 மில்லியில் சுமார் 21 கிராம் லாக்டோஸ் இருக்கும். லாக்டேஸ் போதாவிடில் இதில் பெரும்பகுதி பிரிபடாமலே குடலில் கீழே இறங்கும். மாங்காய்த் துண்டுகளில் உப்பைப் போட்டு வைத்தால் சிறிது நேரத்தில் நீர் விட்டுக்கொள்வதை நாம் வீட்டில் காண்கிறோம். சவ்வூடு பரவல் என்று நாம் படிப்பது இதுவே. அதே போல் குடலில் தங்கிய சர்க்கரையும் உடலிலிருந்து நீரைக் குடலுக்குள் இழுக்கிறது. பேதி நீராகப் போவது இதனால்.

பிறகு இச்சர்க்கரை பெருங்குடலை அடைகிறது. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் அதனைப் புளிக்கச் செய்கின்றன. ஹைட்ரஜன், கார்பன்-டை-ஆக்சைடு முதலிய வாயுக்களும் லாக்டிக் அமிலம் முதலிய அமிலங்களும் உண்டாகின்றன. வாயுவினால் உப்பசமும் ஓசையும் வலியும். அமிலத்தினால் புளித்த வாடையும் பிட்டத்தில் சிவப்பும். எங்கள் பிள்ளையிடம் கண்ட ஒவ்வொரு குறிக்கும் காரணம் இவ்வாறு விளங்கிற்று.

இதனைச் சோதிக்கும் முறைகளுள் ஒன்று நமக்குப் பழக்கமானது. செய்முறைக் கூடத்தில் பெனிடிக்ட் கரைசலோடு சர்க்கரைக் கரைசலைச் சூடேற்றி, நீல நிறம் செங்கல் நிறமாவதைப் பார்த்திருக்கிறோம். லாக்டோஸ் ஓர் ஒடுக்கும் சர்க்கரை. கரும்புச் சர்க்கரை அவ்வாறன்று. பிள்ளையின் நீர்த்த மலத்தில் ஒடுக்கும் சர்க்கரை இருப்பதும், மலத்தின் அமிலத்தன்மை மிகுந்து பி.எச். 5.5-க்கும் கீழே இருப்பதும் லாக்டோஸ் செரியாமைக்குச் சான்றுகள். சற்றுப் பெரிய பிள்ளைகளுக்கு மூச்சுக்காற்றில் உள்ள ஹைட்ரஜனை அளந்தும் காண்பர். செய்முறைக் கூடத்தில் மதிப்பெண்ணுக்காகச் செய்த சோதனை இப்படியும் பயன்படும் என்று நான் அதுவரை எண்ணியதில்லை. எனினும் சோதனைக் குழாயைக் கொண்டு நாமே மருத்துவம் பார்த்துவிடலாம் என்று எவரும் கருதலாகாது.

எல்லாச் செரியாமையும் ஒன்றன்று

நான் செய்த பிழையின் வேர் இங்கேதான் இருக்கிறது. லாக்டோஸ் செரியாமை ஒரே வகைப்பட்டதன்று.

முதல் வகை, பிறவியிலேயே லாக்டேஸ் இல்லாதிருப்பது. இது மிக மிக அரிது. பின்லாந்து நாட்டில்தான் இதனை அதிகம் கண்டறிந்துள்ளனர். இத்தகைய பிள்ளைக்குப் பிறந்த சில நாட்களிலேயே, தாய்ப்பாலுக்கே கடும் பேதி காணும்.

இரண்டாம் வகை, வயது ஏற ஏற லாக்டேஸ் குறைவது. இது நோயன்று, பாலூட்டிகளின் பொது இயல்பு. கன்று பால்குடி மறந்தபின் அந்நொதி அதற்கு எதற்கு? உலகில் வளர்ந்தவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினருக்கு இவ்வாறு குறைகிறது. பால் மாடு மேய்த்த சில மக்களிடம் மட்டும் மரபணுவில் தோன்றிய ஒரு சிறு மாற்றத்தால் நொதி ஆயுள் முழுதும் நீடிக்கிறது. அம்மாற்றத்தைப் பின்லாந்து ஆய்வாளர்கள் 2002-இல் கண்டறிந்தனர். இந்தியாவில் அது வடமேற்கில் மிகுந்தும், தெற்கிலும் கிழக்கிலும் குறைந்தும் காணப்படுகிறது. நம் நீலகிரியில் எருமை வளர்க்கும் தோடர்கள் தெற்கே ஒரு விதிவிலக்கு. 1981-இல் வெளியான ஓர் ஆய்வில் டில்லியில் சோதித்தவர்களுள் 27.4 விழுக்காட்டினருக்கும், திருவனந்தபுரம், புதுச்சேரி ஆகிய இடங்களில் சோதித்தவர்களுள் 66.6 விழுக்காட்டினருக்கும் லாக்டோஸ் ஒவ்வாமை காணப்பட்டது. ஆனால் இவ்வகைக் குறைவு, கைப்பிள்ளைப் பருவத்தில் தொல்லையாக வெளிப்படுவது அரிது. வளர்ந்த பிறகே பெரும்பாலும் தெரியவரும்.

மூன்றாம் வகை, குடல் புண்பட்டதால் தற்காலிகமாக நொதி குறைவது. ஒன்று, இரண்டு வயதுப் பிள்ளைகளிடம் நாம் காண்பது பெரும்பாலும் இதுவே. 1973-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ரூத் பிஷப் என்னும் அறிவியலாரும் அவர்தம் குழுவினரும் கண்டறிந்த ரோட்டா வைரஸ் போன்றவை, குடலுறிஞ்சிகளின் நுனியைத் தாக்குகின்றன. லாக்டேஸ் இருப்பதும் அந்நுனியிலேதான். ஆகையால் பேதி நின்ற பிறகும் சில நாட்கள், சில வேளை சில வாரங்கள், பால் செரிப்பதில்லை. குடற்சுவர் மீண்டும் வளர்ந்ததும் நொதியும் திரும்புகிறது.

ஆகவே இரண்டாம் வகையைப் பற்றிப் படித்துவிட்டு மூன்றாம் வகைப் பிள்ளைக்கு முதல் வகைக்குரிய வைத்தியத்தைச் சொன்னேன் என்பதே என் தவறு.

இவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாதது இன்னொன்று உண்டு. அது பால் புரத ஒவ்வாமை. அங்கே குற்றவாளி சர்க்கரையன்று, பாலிலுள்ள புரதம். தோலில் தடிப்பு, இளைப்பு, மலத்தில் இரத்தம், விடாத வாந்தி ஆகியவை அதன் குறிகள். அப்பிள்ளைக்குத் தயிரும் ஆகாது. லாக்டோஸ் நீக்கிய பாலும் ஆகாது. ஆட்டுப்பாலும் பெரும்பாலும் ஆகாது. இக்குறிகள் கண்டால் வீட்டில் எதையும் முயன்று பாராமல் மருத்துவரிடம் செல்வதே முறை.

தாய்ப்பாலை ஏன் நிறுத்தலாகாது?

தாய்ப்பாலில் லாக்டோஸ் அதிகம் என்பது உண்மையே. அப்படியானால் அதை நிறுத்துவதுதானே தருக்கம் என்று நான் நினைத்தேன். மருத்துவர் சொன்ன விடை எளியது. தாய்ப்பால் சிறிது சிறிதாக, அடிக்கடி உள்ளே போகிறது. நோயை எதிர்க்கும் பொருள்களும் குடல் ஆறுவதற்கு உதவும் பொருள்களும் அதில் உள்ளன. பேதியால் இழந்த நீரையும் அது ஈடு செய்கிறது. பேதியுள்ள பிள்ளைகளுள் மிகப் பெரும்பாலோர் தாய்ப்பாலைத் தாங்கிக்கொள்கின்றனர். பேதிக் காலத்திலும் தாய்ப்பாலைத் தொடர வேண்டும், இரண்டு வயதுக்கு மேலும் கொடுக்கலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

எங்கள் பிள்ளைக்கு மருத்துவர் சொன்னவை நான்கு. தாய்ப்பாலை உடனே மீண்டும் தொடங்குவது. மாட்டுப்பாலை மட்டும் இரண்டு, மூன்று வாரம் நிறுத்துவது. ஒவ்வொரு பேதிக்குப் பின்னும் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுப்பது. துத்தநாக மருந்தை 14 நாள் விடாமல் கொடுப்பது. உப்புச் சர்க்கரைக் கரைசலின் பெருமையை நாம் அறிய வேண்டும். 1971-இல் வங்காளதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது மருத்துவர் திலீப் மகலனோபிஸ் இக்கரைசலைக் கொண்டே எண்ணற்றோரைக் காத்தார். அது இன்று அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பொட்டலமாகக் கிடைக்கிறது.

பாலுக்கு மாற்று என்ன?

மாட்டுப்பாலை நிறுத்துவது எளிது. அது கொடுத்த சத்தை எதனால் ஈடு செய்வது என்பதே கடினம். இதில்தான் பல வீடுகளில் பிள்ளை இரண்டாம் முறை மெலிகிறது.

முதலில் ஜவ்வரிசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சேலம், ஆத்தூர், ராசிபுரம் வட்டாரங்களில் குச்சிக்கிழங்கும் ஜவ்வரிசி ஆலைகளும் பலருக்குச் சோறு போடுகின்றன. சேலத்தில் சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கம் 1981 முதல் இதற்கென்றே இயங்குகிறது. எனினும் ஜவ்வரிசி என்பது ஏறத்தாழ முழுவதும் மாவுப்பொருள். புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அதில் மிகச் சொற்பம். வயிற்றுக்கு இதமாக ஒருவேளை கொடுப்பதில் குற்றமில்லை. அதையே மூன்று வாரம் கொடுத்ததால்தான் எங்கள் பிள்ளையின் எடை அவ்வளவு குறைந்தது.

அடுத்தது தயிர். பாலைத் தயிராக்கும் நுண்ணுயிர்கள் லாக்டோஸில் ஒரு பகுதியைத் தாமே தின்றுவிடுகின்றன. அது மட்டுமன்று, அவற்றினிடமும் லாக்டோஸைப் பிரிக்கும் நொதி உண்டு. தயிரோடு அந்நொதியும் நம் வயிற்றுக்குள் போய் எஞ்சியதைச் செரிக்க உதவுகிறது. இதனால் பால் ஆகாத பிள்ளைகள் பலருக்குத் தயிர் ஆகிறது. நன்கு உறைந்த புதுத் தயிரைச் சோற்றில் பிசைந்து, முதல்நாள் இரண்டு கரண்டி என்று தொடங்கலாம். பேதியின்போது தயிர் சேர்த்தால் சளி பிடிக்கும் என்று ஆயா தயங்கினார். மூன்றாம் நாள் பேதி குறையக் கண்டபின் அவரே உறை ஊற்றி வைத்தார். நெய்யில் லாக்டோஸ் இல்லை என்றே சொல்லலாம். பனீரில், மோர்த்தெளிவோடு பெரும்பகுதி வடிந்துவிடுகிறது.

மூன்றாவது கேழ்வரகு. ராகி என்றும் ஆரியம் என்றும் சொல்லப்படும் இத்தானியத்தில் 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. பசும்பாலில் 100 மில்லிக்குச் சுமார் 120 தான். கேழ்வரகை ஊறவைத்து முளைகட்டி, உலர்த்தி, இலேசாக வறுத்து அரைத்தால் சத்தை உடல் ஏற்பதைத் தடுக்கும் பைட்டேட் குறைகிறது. கஞ்சியும் இளகலாக வருவதால் பிள்ளைக்கு அதிக மாவைப் புகட்ட முடிகிறது. கைப்பிள்ளைக்குத் துணியில் வடிகட்டி ராகிப்பால் எடுப்பது நம் வழக்கம். ஆனால் சுண்ணாம்புச் சத்து பெரிதும் தவிட்டோடு ஒட்டியிருப்பது. ஆதலால் ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு வடிகட்டாமல் நைஸான மாவாகவே காய்ச்சுவது நன்று.

நான்காவது முட்டை. முட்டையும் பாலும் ஒரே கடையில் கிடைப்பதால் பால் ஆகாதவர்க்கு முட்டையும் ஆகாது என்று சிலர் எண்ணுகின்றனர். முட்டையில் லாக்டோஸ் கிடையாது. நாட்டுக்கே முட்டை அனுப்பும் நாமக்கல் பக்கத்தில் வாழும் நாம், ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருப்பதை மறக்கலாகாது. நன்கு வேகவைத்து மசித்துக் கொடுக்க வேண்டும். சைவ வீடுகளில் பாசிப்பருப்பும் உளுந்தும் அவ்விடத்தை நிரப்பும்.

ஐந்தாவது கீரையும் எள்ளும். 100 கிராம் முருங்கைக் கீரையில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து. எள்ளில் 1,200-க்கு மேல். பிள்ளை 100 கிராம் எள் தின்னப் போவதில்லை; ஒரு தேக்கரண்டி வறுத்துப் பொடித்துக் கஞ்சியில் கலந்தாலே போதும். கடலைக்காயையும் அவ்வாறே வறுத்து அரைத்துச் சேர்க்கலாம். முழுக் கடலையைச் சிறு பிள்ளை வாயில் இடுவது தொண்டையில் சிக்கி உயிருக்கே ஆபத்தாகும். பூசணம் பிடித்த கடலையை அறவே விலக்க வேண்டும். எள், கடலை, முட்டை ஆகிய எதனையும் முதன்முதலாகக் கொடுக்கும்போது சிறிதளவே கொடுத்துத் தடிப்போ வாந்தியோ வருகிறதா என்று கவனிக்க வேண்டும்.

ஒன்று முதல் மூன்று வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்று 2020-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் வரையறுத்தன. கணக்கிட்டுப் பார்ப்போம். கேழ்வரகு மாவு 40 கிராம், 140. ஒரு சிறு கிண்ணம் தயிர், 120. முருங்கைக் கீரை 20 கிராம், 60. எள் 5 கிராம், 60. ஒரு முட்டை, 25. மொத்தம் 400-ஐத் தாண்டுகிறது. மிச்சத்தைத் தாய்ப்பாலும் பருப்பும் சோறும் ஏறக்குறைய நிரப்பிவிடும். இவற்றுள் கடையில் விலை உயர்ந்த டப்பாவில் வாங்க வேண்டியது ஒன்றும் இல்லை என்பதைக் கவனிக்க.

கடைச் சரக்குகள்

சோயாப் பாலில் பசும்பாலை ஒட்டிய அளவு புரதம் உண்டு. ஆனால் தனியாகச் சேர்த்தாலன்றிச் சுண்ணாம்புச் சத்து குறைவு. வீட்டில் எடுப்பதாயின் நன்கு கொதிக்கவைக்க வேண்டும். இல்லையேல் அதிலுள்ள ஒரு பொருள் புரதத்தைச் செரிக்க விடாது. தேங்காய்ப்பாலில் கொழுப்பு மிகுதி, புரதம் குறைவு. பெயரில் பால் இருப்பதால் அது பாலுக்கு ஈடாகிவிடாது. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் முன்பு கடலைப் புரதத்தைக் கொண்டு மில்டோன் என்னும் பானத்தை உருவாக்கியது. பாலைப் பெருக்கும் நோக்குடன் கடலைப் புரதத்தோடு பாலையும் கலந்து செய்ததாகையால், அதுவும் லாக்டோஸ் அற்றதன்று.

இப்போது அமுல் போன்ற நிறுவனங்கள் லாக்டோஸ் நீக்கிய பாலை விற்கின்றன. அதில் லாக்டேஸ் நொதியைச் சேர்த்துச் சர்க்கரையை முன்கூட்டியே பிரித்துவிடுகின்றனர். அதனால்தான் அப்பால் சற்றுக் கூடுதலாக இனிக்கிறது. மற்றச் சத்துகள் குறைவதில்லை, விலைதான் கூடுதல். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு இவை எவற்றையும், கடையில் கிடைக்கும் தனிவகைப் பால்மாவையும், மருத்துவர் சொல்லாமல் கொடுத்தலாகாது. பால்மாவுக்கு விளம்பரம் செய்வதையே 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் ஒன்றே போதும்.

பிஸ்கட், ரொட்டி, சத்துமாவு ஆகியவற்றிலும் பால் பவுடர் ஒளிந்திருக்கும். பொட்டலத்தின் பின்புறம் பால் உள்ளதா என்பதை அச்சிட வேண்டும் என்பது விதி. அதைப் படித்துச் சொல்வது வீட்டில் படித்தவரின் கடமை.

மீண்டும் பால் எப்போது?

மூன்றாம் வகைச் செரியாமை நிலையானதன்று என்றோம். எனவே ஆயுளுக்கும் பாலை விலக்குவது வேண்டாத தண்டனை. பேதி முழுதும் நின்று, எடை ஏறத் தொடங்கிய பின், இரண்டு மூன்று கரண்டிப் பாலைக் கஞ்சியில் கலந்து கொடுத்துப் பார்க்கலாம். ஒன்றும் நேரவில்லையாயின் சில நாளுக்கொரு முறை சிறிது கூட்டலாம். வெறும் வயிற்றில் கொடுப்பதை விட உணவோடு கொடுப்பது நல்லது. உப்பசமோ பேதியோ திரும்பினால் ஒரு வாரம் பொறுத்து மறுபடி முயலலாம்.

மலத்தில் இரத்தம், விடாத வாந்தி, சிறுநீர் குறைதல், கண் குழிதல், சோர்ந்து கிடத்தல், எடை தொடர்ந்து குறைதல் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் கஞ்சியை மாற்றிக்கொண்டிராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வருமுன் காப்பதற்கும் வழி உண்டு. ரோட்டா வைரஸைப் பற்றி வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ககன்தீப் காங் முதலியோர் பல்லாண்டுகள் ஆராய்ந்தனர். அதற்கான சொட்டு மருந்து 2017 முதல் தமிழ்நாட்டில் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் இடம்பெற்றுள்ளது. 6, 10, 14-ஆம் வாரங்களில் அதனை இலவசமாகக் கொடுக்கின்றனர்.

முடிவுரை

ஐந்து வாரம் கழித்து எங்கள் பிள்ளை எங்கள் வீட்டுப் பாலையே அரை டம்ளர் குடித்து, அழாமல் உறங்கினான். அன்றுதான் எங்கள் எல்லோர் வயிற்றிலும் பால் வார்த்தாற்போல் இருந்தது. இழந்த எடை திரும்ப மேலும் இரண்டு மாதம் ஆயிற்று.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகளாகப் போகிறவர்கள். நாம் சொல்வது நம் வீட்டில் சட்டமாகிவிடுகிறது. பாடப்புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு மறுபக்கத்தைப் புரட்டாமல் நாம் சொல்லும் சொல், உரம் எடுக்கச் சொன்னவரின் சொல்லை விட அதிகத் தீங்கு செய்யக் கூடும்; ஏனெனில் அவரை மறுத்துப் பேச ஆள் உண்டு, நம்மை மறுக்க யாரும் இல்லை. தெரிந்ததைச் சொல்வதற்கு முன், இது எந்த வயதுக்கு, எந்த வகைக்கு, எத்தனை நாளைக்கு என்று கேட்டுக்கொள்வோமாக. "எனக்குத் தெரியவில்லை அக்கா, மருத்துவரைக் கேட்போம்" என்று அன்று நான் சொல்லியிருந்தால், அந்த இரண்டு நாளும் பிள்ளை தாய்ப்பாலுக்கு அழுதிருக்க மாட்டான்.